செயலி உருவாக்கக் கணினி: சிக்கனமாக அமைப்பதும் சீராகக் கடன் பெறுவதும்

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகாம், கோரமண்டல் நிலையங்களைக் கடந்து, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூரு செல்லும் காலை ரயில்கள் சாம்பியன் ரீப்ஸ் மக்களின் வாழ்வோடு பிணைந்தவை. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்று பணிபுரிந்து, இரவில் வீடு திரும்புவோர் இங்குப் பலர். அவர்தம் பிள்ளைகளுள் கணினி பயின்றோர், இந்த அன்றாடப் பயணமின்றி வீட்டிலிருந்தே ஈட்டக்கூடிய தொழில் ஒன்றை நாடுவது இயல்பே. கைப்பேசிச் செயலிகளை உருவாக்குவது அத்தகைய தொழில்களுள் ஒன்று.

இதன் பொருட்டுக் கணினி வாங்கக் கடன் கேட்டு வருவோர் எங்களிடம் இரண்டு வினாக்களை எழுப்புகின்றனர். எந்தக் கணினி வாங்குவது? எவ்வளவு கடன் பெறுவது? இவ்விரண்டும் தனித்தனி வினாக்கள் அல்ல. முதல் வினாவுக்குச் சரியான விடை கண்டால், இரண்டாவதன் பெரும்பகுதி தானே தீர்ந்துவிடும். ஆகவே இக்கட்டுரையில் கணினியை முதலிலும் கடனைப் பின்னரும் விளக்குகின்றோம்.

சுரங்கம் கற்பித்த கணக்கு

சாம்பியன் ரீப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்டது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. 1902 ஆம் ஆண்டு, காவிரியின் சிவனசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பித்தடம் வழியே இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. விறகையும் நிலக்கரியையும் எரித்து நீராவி இயந்திரங்களை இயக்கி வந்த நிறுவனங்கள் மின்சாரத்துக்கு மாறியமைக்கு ஆடம்பரம் காரணமன்று. ஒரு டன் பாறையை மேலே கொணர்ந்து அரைக்கும் செலவு குறையும் என்பதே காரணம்.

நூறாண்டுகளுக்குப் பின்னர் அதே கணக்கு மறுபுறம் சாய்ந்தது. ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கத்தின் அளவு சுருங்கியது. ஆழம் கூடக்கூட எடுக்கும் செலவு பெருகியது. கிடைப்பதைக் காட்டிலும் செலவு மிகுந்த நிலையில், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது.

கருவியின் செலவு அக்கருவி ஈட்டித்தரும் பயனுக்குள் அடங்க வேண்டும் என்னும் பாடத்தைச் சாம்பியன் ரீப்ஸ் குடும்பங்களுக்கு எவரும் புதிதாய்க் கற்பிக்க வேண்டியதில்லை. கணினி வாங்கும்போதும் அதே அளவுகோலைக் கையில் எடுத்தல் போதும்.

மலிவு வேறு, சிக்கனம் வேறு

விலை குறைவு என்பது மட்டுமே ஒரு கணினியைச் சிக்கனமான கருவி ஆக்கிவிடாது. 2011 அக்டோபரில் மாணவர்களுக்கென நடுவண் அரசு அறிமுகம் செய்த ஆகாஷ் கைக்கணினியை வாசகர்கள் நினைவுகூரலாம். அதன் விலை வியக்கத்தக்க அளவில் குறைவாக இருந்தது. ஆயின், முதல் பதிப்பின் நினைவகம் 256 எம்.பி. மட்டுமே, அதன் தொடுதிரை அழுத்தினால்தான் பதிலளிக்கும். நோக்கம் நன்றாயிருந்தும், பயன்படுத்தியோர் அதன் மந்தத்தைக் குறைகூறினர். வேலைக்கு இன்றியமையாத உறுப்பில் பணத்தைக் குறைத்தால் முழுக் கருவியுமே வீணாகும். இன்றியமையாதவை எவை, விடத்தக்கவை எவை எனப் பிரித்தறிவதே சிக்கனம்.

வேலையின் இயல்பு

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குச் செயலி எழுதுவோர் பெரும்பாலும் பயன்படுத்துவது, கூகுள் நிறுவனம் கட்டணமின்றி வழங்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்னும் மென்பொருள் தொகுப்பாகும். இது வேலை செய்யும்போது கணினிக்குள் நிகழ்வதை அறிந்தால், பணத்தை எங்கே இடவேண்டும் என்பது விளங்கும்.

ஒரே நேரத்தில் நான்கு வேலைகள் நடைபெறுகின்றன. நிரலை எழுதும் சாளரம் திறந்திருக்கிறது. எழுதிய நிரலைக் கைப்பேசி புரிந்துகொள்ளும் கோப்பாக மாற்றும் கிராடில் என்னும் கட்டமைப்பு மென்பொருள் பின்புலத்தில் இயங்குகிறது. எமுலேட்டர் என்னும் போலிக் கைப்பேசி திரையில் ஓடுகிறது; உண்மையில் அது கணினிக்குள் இயங்கும் இன்னொரு முழுக் கணினி. இவற்றோடு, ஐயம் தீர்த்துக்கொள்ள இணைய உலாவியில் பத்துப் பக்கங்கள் திறந்திருக்கும். நான்கும் நினைவகத்தில் இடம் கேட்கின்றன. இடம் போதாதபோது கணினி, நினைவகத்தில் உள்ளவற்றைச் சேமிப்பு வட்டுக்கு மாற்றி மாற்றி எழுதத் தொடங்கும். சிறு திருத்தத்தைச் செய்து விளைவைக் காண ஒரு நிமிடம் ஆக வேண்டிய இடத்தில் ஐந்து நிமிடம் ஆகும். ஒரு நாளில் ஐம்பது முறை இவ்வாறு காத்திருக்கும் மாணவர், கற்பதையே கைவிடக்கூடும்.

பணத்தை இடவேண்டிய மூன்று இடங்கள்

முதலாவது, ரேம் என்னும் நினைவகம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை மட்டும் இயக்க 8 ஜி.பி., எமுலேட்டரையும் சேர்த்து இயக்க 16 ஜி.பி. என்பன கூகுள் கூறும் குறைந்தபட்ச அளவுகள். ஆதலின் 16 ஜி.பி. என்பதை நமது அளவாகக் கொள்வோம். இப்போது அதற்கு இயலாதவர், பிற்பாடு கூடுதல் ரேம் பொருத்துவதற்கான காலியிடம் உள்ள மதர்போர்டைத் தேர்ந்து, 8 ஜி.பி.யில் தொடங்கலாம். நினைவகச் சில்லுகளின் விலை உலகச் சந்தையைப் பொறுத்து ஏறி இறங்கும்; 2025 ஆம் ஆண்டின் இறுதியில் அது கடுமையாக உயர்ந்தது. எனவே சென்ற ஆண்டு நண்பர் வாங்கிய விலையை நம்பித் திட்டமிடாமல், வாங்கும் வாரத்து விலையைக் கேட்டறிவது நலம்.

இரண்டாவது, எஸ்.எஸ்.டி. என்னும் திண்மச் சேமிப்பகம். சுழலும் வட்டுகளைக் கொண்ட பழைய ஹார்டு டிஸ்கில் இவ்வேலை மிக மெதுவாகவே நடைபெறும். மென்பொருள், எமுலேட்டர், இயக்கமுறைமை, சொந்தக் கோப்புகள் யாவும் அடங்க 512 ஜி.பி. வசதியாக இருக்கும், நெருக்கடியில் 256 ஜி.பி. கொண்டும் தொடங்கலாம்.

மூன்றாவது, பிராசசர். நான்கு கருக்களாவது கொண்டதும், மெய்நிகராக்க வசதி உடையதும் வேண்டும். அவ்வசதி இல்லையேல் எமுலேட்டர் நத்தையென ஊரும். இக்காலப் பிராசசர்கள் ஏறத்தாழ அனைத்திலும் அது உண்டு. ஆயினும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். கணினி மந்தம் என்று முடிவு கட்டுமுன் அதனை இயக்கியுள்ளோமா எனச் சரிபார்த்தல் வேண்டும். திரைக்காட்சி வசதி உள்ளடங்கிய பிராசசரைத் தேர்வது முக்கியம். எட்டு இழைகள் கொண்ட இன்டெல் கோர் ஐ3-12100, பன்னிரண்டு இழைகள் கொண்ட ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி ஆகியவை இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள். இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ என்னும் எழுத்து இருந்தால் அதில் திரைக்காட்சி வசதி இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்க நேரும். சற்றே விலை குறைந்தது என்று அதனை வாங்குவோர் இறுதியில் கூடுதலாகச் செலவிடுவர்.

விட்டுவிடத் தக்கவை

விளையாட்டுகளுக்கான தனி கிராபிக்ஸ் கார்டு இவ்வேலைக்குத் தேவையில்லை. வண்ண விளக்குகள் மின்னும் கேபினெட்டும் தேவையில்லை. லினக்ஸ் இயக்கமுறைமையைக் கட்டணமின்றிப் பெறலாம்; ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ அதில் செவ்வனே இயங்குகிறது. ஆதலின் விண்டோஸ் உரிமத்துக்கான தொகையும் மிச்சமாகும். உரிமமில்லாத விண்டோஸைக் கடைக்காரர் இலவசமாக நிறுவித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுக. அது சட்டத்துக்குப் புறம்பானது; அதனுடன் சேர்ந்து வரும் தீநிரல்கள் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் கவர்ந்துவிடக்கூடும்.

எமுலேட்டருக்கு மாற்றாகக் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியையே சோதனைக் கருவியாக்கலாம். கைப்பேசியின் அமைப்புகளில் ‘பில்ட் நம்பர்’ என்னுமிடத்தை ஏழு முறை தொட்டால் உருவாக்குநர் பகுதி திறக்கும். அதில் யு.எஸ்.பி. டீபக்கிங் என்பதை இயக்கி, கேபிள் வழியே கணினியுடன் இணைத்தால், எழுதிய செயலி நேரே கைப்பேசியில் ஓடும். கேபிள் மின்னேற்றத்துக்கு மட்டுமானதாக இருந்தால் இணைப்புக் கிட்டாது. தரவும் கடத்தும் கேபிள் வேண்டும். 8 ஜி.பி. நினைவகத்துடன் தொடங்குவோருக்கு இம்முறை பெருந்துணை. குறைந்த விலைக் கைப்பேசியில் சீராக ஓடும் செயலியே நம் நாட்டில் பலருக்கும் பயன்படும் என்பதால், வீட்டிலுள்ள பழைய கைப்பேசியில் சோதிப்பது நல்ல பழக்கமும் ஆகும்.

இரண்டு எச்சரிக்கைகள் இங்கே தேவை. உள்ளங்கையளவில் மலிவாகக் கிடைக்கும் ராஸ்பெர்ரி பை போன்ற ஏ.ஆர்.எம். வகைக் கணினிகள் பலவற்றுக்குப் பயன்படினும், அவற்றில் இயங்கும் லினக்ஸில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைக் கூகுள் ஆதரிப்பதில்லை. அடுத்து, ஐபோன் செயலிகளை உருவாக்கத் தேவையான எக்ஸ்கோட் மென்பொருள் ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினியில் மட்டுமே ஓடும். அந்நிறுவனத்தின் உருவாக்குநர் திட்டத்துக்கு ஆண்டுதோறும் 99 டாலர் கட்டணமும் உண்டு. தொடக்க நிலையில் ஆண்ட்ராய்டே சிக்கனமான வழி. வருமானம் வரத் தொடங்கிய பின் மற்றதை எண்ணலாம்.

மேசைக் கணினியா, மடிக்கணினியா?

ஒரே தொகைக்கு மேசைக் கணினியில் கூடுதல் திறன் கிடைக்கும். பழுதான உறுப்பை மட்டும் மாற்றலாம். ஆண்டுகள் கழித்து ரேமையும் சேமிப்பகத்தையும் பெருக்கலாம். வீட்டில் ஓரிடத்தில் அமர்ந்து கற்போருக்கு இதுவே தக்கது. நாள்தோறும் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் செல்வோரும், கல்லூரிக்குக் கணினியை எடுத்துச் செல்ல வேண்டியோரும் மடிக்கணினியை நாடுவதில் நியாயம் உண்டு. அவர்கள் கேட்க வேண்டிய வினா ஒன்றே: ரேம் பின்னர் கூட்டத்தக்கதா, பலகையிலேயே பற்றவைக்கப்பட்டதா? பற்றவைக்கப்பட்டது எனில், முதலிலேயே 16 ஜி.பி. உள்ளதை வாங்க வேண்டும். 8 ஜி.பி.யில் நிலைத்துவிட்ட மடிக்கணினி, கடன் தீருமுன்பே போதாததாகிவிடும்.

அலுவலகங்கள் கழித்த கணினிகள்

பெரு நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் மேசைக் கணினிகளை மாற்றுகின்றன. அவ்வாறு கழிக்கப்பட்டவை துப்புரவு செய்யப்பட்டுப் பெங்களூருச் சந்தையில் விற்பனைக்கு வருகின்றன. டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் முதலியவை இவ்வகையின. உறுதியான கட்டமைப்புக் கொண்ட இவை, மிகக் குறைந்த முதலீட்டில் தொடங்குவோருக்கு ஏற்றவை.

இவற்றை வாங்குவோர் மூன்றினை நோக்குக. முதலாவது, பிராசசரின் தலைமுறை. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். லினக்ஸ் பயன்படுத்துவோர் சற்றுப் பழையதையும் எண்ணலாம். அத்தகையவற்றின் விலையில் பேரம் பேசவும் இடமுண்டு. இரண்டாவது, எஸ்.எஸ்.டி.யின் உடல்நிலை. எத்தனை மணி நேரம் உழைத்துள்ளது என்பதைக் காட்டும் அறிக்கையைக் கடையிலேயே திறந்து காட்டுமாறு கேட்கலாம். ஐயமிருப்பின் புதிய எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி வாங்குக. மூன்றாவது, மாற்று உறுப்புகள். சிறிய அளவிலான அலுவலகக் கணினிகளில் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியும் மதர்போர்டும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். பழுதானால் பொதுச் சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை.

கடையில் கவனிக்க வேண்டியவை

பெங்களூரு நகர ரயில் நிலையத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத எஸ்.பி. சாலை, கணினி உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற சந்தை. ஒரே தெருவில் பல கடைகள் உள்ளமையால், மூன்று கடைகளிலேனும் எழுத்து வடிவில் விலைப்புள்ளி பெற்று ஒப்பிடுதல் எளிது. விலைப்புள்ளியில் ஒவ்வோர் உறுப்பின் நிறுவனப் பெயரும் மாதிரி எண்ணும் இருத்தல் வேண்டும். ‘16 ஜி.பி. ரேம், 512 எஸ்.எஸ்.டி.’ என்று மட்டும் எழுதிய தாள் ஒப்பீட்டுக்கும் உதவாது, கடன் விண்ணப்பத்துக்கும் உதவாது.

ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய பில் இன்றி எதனையும் வாங்க வேண்டாம். உறுப்பு ஒவ்வொன்றுக்கும் உற்பத்தியாளர் தரும் உத்தரவாதக் காலம் வேறுபடும். அதனைக் கோருவதற்கு அந்தப் பில்லே ஆதாரம். பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். ஓர் உறுப்பு பழுதானாலும் அந்த மிச்சம் கரைந்துபோகும். கணினியைக் கடையிலேயே பூட்டச்செய்து, இயக்கிப் பார்த்து, ரேமின் அளவையும் சேமிப்பகத்தின் அளவையும் திரையில் கண்டபின் பணம் செலுத்துக.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் பெயரறியாப் பொருளை ஏற்க வேண்டாம். மற்ற உறுப்புகள் அனைத்தும் அதன் வழியேதான் மின்சாரம் பெறுகின்றன. அது கெட்டால் தன்னுடன் மற்றவற்றையும் கெடுக்கும். சுரங்கக் காலத்து லைன் வீடுகளில் வசிப்போர், கணினி வருமுன் மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு எர்த் இணைப்பைச் சரிபார்த்துக்கொள்வது நன்று. சிறிய யு.பி.எஸ். ஒன்று சில நிமிடங்களே தாங்கும் எனினும், வேலையைச் சேமித்துக் கணினியை முறையாக அணைக்க அந்நேரம் போதும்.

மின் கட்டணம் குறித்தும் சிலர் கேட்கின்றனர். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியும் மானிட்டரும் சேர்ந்து ஏறத்தாழ 80 வாட் கொள்ளும் என வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் இயங்கினால் 0.64 யூனிட்; மாதத்தில் 25 நாட்களுக்கு 16 யூனிட். இது தாங்கத்தக்க செலவே; ஆயினும் கணக்கில் சேர்க்க வேண்டிய செலவு.

கடனின் கணக்கு

விளக்கத்தின் பொருட்டு, தேவைப்படும் தொகை 40,000 ரூபாய் எனக் கொள்வோம். ஆண்டு வட்டி 12 விழுக்காடு; குறைந்துசெல்லும் நிலுவைக்கு மட்டுமே வட்டி. இவ்விகிதம் எடுத்துக்காட்டுக்கே, உண்மை விகிதம் கடனின் வகைக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும்.

12 மாதங்களில் திருப்பினால் மாதத் தவணை சுமார் 3,554 ரூபாய். மொத்த வட்டி சுமார் 2,647 ரூபாய்.

24 மாதங்களில் திருப்பினால் தவணை சுமார் 1,883 ரூபாய். மொத்த வட்டி சுமார் 5,191 ரூபாய்.

36 மாதங்களில் திருப்பினால் தவணை சுமார் 1,329 ரூபாய். மொத்த வட்டி சுமார் 7,829 ரூபாய்.

தவணை சிறிதாகச் சிறிதாக மொத்த வட்டி பெருகுவதை இவ்வெண்கள் காட்டுகின்றன. எனினும் மிகக் குறுகிய காலமே சிறந்தது என்று பொதுவிதி கூற இயலாது. ஒரு தவணை தவறினாலும் அபராதக் கட்டணம் சேரும், கடன் மதிப்பெண்ணும் குறையும். குடும்பத்தின் நிலையான வருமானத்திலிருந்து, அதாவது செயலியால் ஒரு ரூபாயும் வராது என்று எண்ணிக்கொண்டே, செலுத்தக்கூடிய தவணையைத் தேர்க. கருவியின் பயன்காலத்துக்குள் கடன் தீர வேண்டும் என்பது மற்றொரு வரம்பு. கணினி பழையதாகிப்போன பின்னும் அதற்கான தவணை தொடர்வது, மூடிய சுரங்கத்துக்கு நீர் இறைப்பதை ஒக்கும்.

‘12 விழுக்காடு நிலை வட்டி’ என்று விளம்பரப்படுத்துவோரிடம் எச்சரிக்கை தேவை. மேற்கூறிய 40,000 ரூபாய்க்கு 24 மாதங்களுக்கு நிலை வட்டி 9,600 ரூபாய் ஆகிறது. அசல் மாதந்தோறும் குறைந்து வந்தும் முழு அசலுக்கும் வட்டி கொடுக்கிறோம். குறைந்துசெல்லும் நிலுவை முறையில் சொன்னால் இது 21 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வட்டி. ‘வட்டியில்லாத் தவணை’ என்பதும் அவ்வாறே ஆராயத்தக்கது. வட்டி, பரிசீலனைக் கட்டணமாகவோ கைவிட்டுப்போன தள்ளுபடியாகவோ மறைந்திருக்கக்கூடும்; இந்திய ரிசர்வ் வங்கி 2013 ஆம் ஆண்டிலேயே இதனைச் சுட்டிக்காட்டியது. ரொக்கமாகத் தந்தால் என்ன விலை என்று கேட்டால் மறைவு வெளிப்படும்.

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கான தவணைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை வழங்குவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த உண்மையான ஆண்டு விகிதம் அதில் ஒரே எண்ணாகத் தரப்படும். இரண்டு கடன்களை ஒப்பிட அந்த எண்ணையே நோக்குக.

யாருக்கு எந்த வழி?

கற்கும் நிலையில் உள்ளவரும் ஈட்டும் நிலையில் உள்ளவரும் ஒரே கதவைத் தட்ட வேண்டியதில்லை.

கல்லூரியில் சேரவிருப்போருக்குக் கல்விக் கடனே முதல் வழி. படிப்பை முடிக்கக் கணினி தேவை எனில், நியாயமான விலையில் அதனை வாங்கும் செலவும் கல்விக் கடனில் சேர்க்கத்தக்கது. பலர் கல்விக் கட்டணத்துக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு, கணினிக்கெனத் தனிநபர் கடனைக் கூடுதல் வட்டிக்கு வாங்குகின்றனர். விண்ணப்பத்தின்போதே விலைப்புள்ளியை இணைத்தால் அந்நிலை நேராது.

செயலி உருவாக்கத்தைத் தொழிலாகச் செய்வோர், 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தை நாடலாம். அதன் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் வழங்கப்படுகிறது. இது வருமானம் ஈட்டும் தொழிலுக்கான கடன். ஆகவே யாருக்குச் செயலி செய்து தரப்போகின்றோம், எவ்வளவு எதிர்பார்க்கின்றோம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வருவது விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும். கடைக்காரருக்கு வரவு-செலவுச் செயலி, பள்ளிக்கு வருகைப்பதிவுச் செயலி எனத் திட்டவட்டமாகச் சொல்வோரின் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது எங்களுக்கும் எளிது.

வங்கியில் வைப்புத்தொகை உள்ளவர்கள் அதனை முறிக்காமல், அதன் பேரில் கடன் பெறலாம். வட்டி, வைப்புக்குக் கிடைப்பதைவிடச் சற்றே மிகுதியாக இருக்கும்.

ஓராண்டு காத்திருக்க இயன்றோருக்குக் கடனே தேவையில்லை. மாதம் 3,300 ரூபாய் தொடர் வைப்பில் இட்டால் 12 மாதங்களில் 39,600 ரூபாய் சேர்கிறது. வட்டியுடன் 40,000 ரூபாயைத் தாண்டும். அந்த ஓராண்டில் கல்லூரி ஆய்வகக் கணினியிலோ உறவினர் கணினியிலோ நிரலெழுத்தின் அடிப்படைகளைக் கற்றுக்கொண்டால், வாங்கும் நாளில் கருவியும் தயார், கையும் தயார். விருப்பம் நிலைத்ததா, வந்து போவதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

செயலி சந்தைக்குச் செல்லும்போது

கணினியோடு செலவு முடிவதில்லை. கூகுள் பிளே தளத்தில் உருவாக்குநர் கணக்குத் தொடங்க ஒருமுறைக் கட்டணமாக 25 டாலர் செலுத்த வேண்டும். இதற்குப் பன்னாட்டுப் பயன்பாடு இயக்கப்பட்ட அட்டை தேவை. புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே இயக்கப்பட்டு வருகின்றன என்பதால், வங்கியின் கைப்பேசிச் செயலியில் பன்னாட்டு இணையப் பரிவர்த்தனையைச் சிறு வரம்புடன் இயக்கி, கட்டணம் செலுத்தியதும் மீண்டும் அணைத்துவிடுக.

2023 நவம்பர் 13க்குப் பின் தொடங்கப்பட்ட தனிநபர் கணக்குகளுக்கு மற்றொரு நிபந்தனையும் உண்டு. செயலியைப் பொதுவில் வெளியிடுமுன், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் பங்கேற்க வேண்டும். தொடக்கத்தில் 20 பேர் என்றிருந்த இவ்வெண்ணிக்கை பின்னர் குறைக்கப்பட்டது. இரண்டு வாரம் தாமதமாகும் என்பதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். செயலி வழி விற்பனையில், ஆண்டுக்கு முதல் பத்து இலட்சம் டாலர் வரை 15 விழுக்காட்டைக் கூகுள் தன் சேவைக் கட்டணமாகக் கொள்கிறது. விலை வைக்கும்போது இதனையும் கழித்தே வருமானத்தைக் கணக்கிடுக.

வேலை தருவதாகக் கூறிப் பதிவுத் தொகையோ மடிக்கணினிக்கான முன்பணமோ கேட்போரை நம்ப வேண்டாம். உண்மையான வேலை, பணம் தருமேயன்றிக் கேட்காது. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் தயங்காமல் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைத்து, தங்கள் கிளைக்கும் தெரிவிக்கவும். முதல் சில மணி நேரத்தில் தெரிவிப்பது பணத்தை மீட்க உதவக்கூடும்.

விண்ணப்பிக்க வருவோர் எடுத்துவர வேண்டியவை: உறுப்பு வாரியாக எழுதிய விலைப்புள்ளி, அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும், குடும்ப வருமானச் சான்று, மாணவராயின் சேர்க்கைக் கடிதம், தொழில் செய்வோராயின் ஒரு பக்கத் திட்டம். இவற்றுடன், மாதம் எவ்வளவு செலுத்த இயலும் என்று வீட்டில் அனைவரும் அமர்ந்து முடிவு செய்த ஓர் எண்ணும் வேண்டும். அந்த எண்ணிலிருந்து தொடங்கிக் கணினியின் விலைக்கு வருவதே முறை. கணினியின் விலையிலிருந்து தொடங்கித் தவணைக்கு வருவது முறையன்று.